ஏஜென்ட்டுக்கு மேசை தெரியாது: ஹார்ட்வேர் டீபக் கருவிகளுக்குக் குறிப்பு எழுதும் முறை

சீரியல் போர்ட்டில் என்ன வருகிறது என்று பார்த்துச் சொல் என, டெர்மினலில் தானே கட்டளை ஓட்டும் ஏஐ ஏஜென்ட்டிடம் வேலையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் அது அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. சீரியல் போர்ட்டைப் படிக்கும் பிகோகாம் நிரல் திறந்திருக்கிறது, போர்டு அனுப்ப வேண்டிய வரிகளை எல்லாம் அனுப்பி முடித்துவிட்டது, பிகோகாம் மட்டும் மூடவில்லை. அதை மூட கன்ட்ரோல்-ஏ, அப்புறம் கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்த வேண்டும். நம் விரலுக்கு அது பழக்கம். கட்டளை முடிந்தால்தான் விடை கைக்கு வரும் என்று காத்திருக்கும் ஏஜென்ட்டுக்கு, அந்தக் கட்டளை முடியவே போவதில்லை.

அதைக் குறை சொல்லிப் பயனில்லை. என் குறிப்பில் இருந்தது ஒரே வரி: 'பிகோகாமில் 115200-இல் திறக்கவும்.' எனக்காக நான் எழுதிக்கொண்டது. மீதி எல்லாம் என் தலைக்குள்ளும் மேசை மேலும் இருந்தது.

வெறும் மென்பொருள் வேலை என்றால் ஏஜென்ட்டுக்கு வேண்டியது கிட்டத்தட்ட முழுவதும் கோப்புகளிலேயே கிடைத்துவிடும். ஹார்ட்வேரில் அப்படி இல்லை. எந்த வயர் எங்கே போகிறது, பவர் எங்கிருந்து வருகிறது, எல்இடி எரிகிறதா, சிப் சுடுகிறதா என்பதெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் மட்டுமே தெரிந்த சேதி. அதை எழுத்தில் கொண்டுவருவது எப்படி என்று, இதை முதல்முறையாகச் செய்யப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு எளிய ஒரு மேசையை வைத்துக்கொள்வோம். புளூ பில் என்று எல்லோரும் சொல்லும் சின்ன நீலப் போர்டு, அதில் எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப். ஃபர்ம்வேர் (சிப்பில் ஓடும் நிரல்) ஏற்றவும் சிப்பை நிறுத்திப் பார்க்கவும் எஸ்டி-லிங்க் வி2. ஒரு யூஎஸ்பி-சீரியல் மாற்றி. பின்களில் ஏறி இறங்கும் சிக்னலைப் பதிவுசெய்ய 8 சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர். கம்ப்யூட்டரில் லினக்ஸ், அதில் எஸ்டி-லிங்க்கோடு பேசும் ஓப்பன்ஓசிடி, நிரலை நிறுத்திப் பார்க்கும் ஜிடிபி, லாஜிக் அனலைசரைப் படிக்கும் சிக்ராக். குறிப்பைப் ப்ராஜெக்ட்டின் மேல் ஃபோல்டரில் வையுங்கள். 'ஏஜென்ட்ஸ்' என்ற பெயரில் மார்க்டவுன் கோப்பு இருந்தால் பல ஏஜென்ட்கள் தாமாகவே எடுத்துப் படிக்கும். உங்களுடையது வேறு பெயரைத் தேடுமானால் அந்தப் பெயரில் வையுங்கள்.

இன்னொன்று. இங்கே கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுகிறேன். உங்கள் கோப்பில் அவை டெர்மினலில் அடிக்கும் அதே எழுத்துகளில் இருக்க வேண்டும். சுற்றியுள்ள விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். நான் அப்படித்தான் எழுதுகிறேன், ஏஜென்ட் சிரமமில்லாமல் புரிந்துகொள்கிறது.

படி 1: மேசையை எழுதுங்கள்

கருவிகளின் பெயர்ப் பட்டியலோடு தொடங்கத்தான் கை போகும். அதைத் தள்ளிவைத்துவிட்டு, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பதை அப்படியே எழுதுங்கள். என்னுடையது இது:

போர்டு: புளூ பில். ஃப்ளாஷ் 64 கேபி, ரேம் 20 கேபி.
பவர்: பெஞ்ச் சப்ளையிலிருந்து 3.3 வோல்ட், கரன்ட் வரம்பு 200 மில்லிஆம்பியர். எஸ்டி-லிங்க்கின் 3.3 வோல்ட் பின் இணைக்கப்படவில்லை.
எஸ்டபிள்யூடி (டீபக் இணைப்பு): டேட்டா பிஏ13, மஞ்சள் வயர். கிளாக் பிஏ14, பச்சை வயர். கிரவுண்ட், கறுப்பு வயர். ரீசெட் பின் இணைக்கப்படவில்லை.
சீரியல்: போர்டின் பிஏ9 மாற்றியின் ஆர்எக்ஸில், பிஏ10 டிஎக்ஸில். வேகம் (பாட் ரேட்) 115200, 8என்1 (8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்).
லாஜிக் அனலைசர்: சேனல் 0 பிஏ9-இல். மற்ற 7 சேனலும் காலி.
ஏஜென்ட்டால் முடியாதவை: பவரை அணைத்துப் போடுவது, பூட்0 ஜம்பரை (எங்கிருந்து கிளம்புவது என்று சிப்புக்குச் சொல்வது) மாற்றுவது, வயரை மாற்றுவது. இவற்றுக்கு என்னைக் கேள்.

வயரின் நிறம் ஏஜென்ட்டுக்கு எதற்கு என்று தோன்றும். அதற்குப் பயனில்லை, நமக்குத்தான். சிக்கல் வரும்போது 'பிஏ14 இணைப்பைச் சரிபார்க்கவும்' என்பதைவிட 'பச்சை வயரைப் பாருங்கள்' என்று அது சொன்னால் நம் வேலை பாதி குறையும்.

இணைக்காததையும் எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? 'ரீசெட் பின் இணைக்கப்படவில்லை' என்ற வரி இல்லாவிட்டால், இணைப்பு கிடைக்காதபோது ஏஜென்ட் ரீசெட்டைப் பிடித்தபடி இணைக்கும் முறையை முயலும். பாடப்படி அது சரியான யோசனைதான். ஃபர்ம்வேர் பிஏ13, பிஏ14 பின்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டாலோ சிப் தூங்கிப்போனாலோ அதுதான் வழி. ஆனால் வயரே இல்லாத இடத்தில் எத்தனை முறை முயன்று என்ன?

கருவிகளின் அடையாளத்தை இதே பகுதியில் எழுதிவிடுங்கள். சீரியல் மாற்றியை 'டிடிஒய்யூஎஸ்பி0' என்று குறித்தால், கேபிளைப் பிடுங்கிச் செருகும்போது அது 1 ஆகிவிடலாம். டெவ் ஃபோல்டரில் சீரியல், அதற்குள் பை-ஐடி என்ற இடத்தில் மாறாத பெயர் இருக்கும், அதைக் கொடுங்கள். சிஎச்340 சிப் வைத்த மலிவு மாற்றிகளில் பெரும்பாலும் தனித்த சீரியல் எண் இருக்காது. அவற்றுக்குப் பக்கத்திலேயே உள்ள பை-பாத் பெயரை எடுத்துக்கொண்டு, எந்த யூஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதலாம். மேசையில் இரண்டு எஸ்டி-லிங்க் இருந்தால் எந்த எண் எந்தப் போர்டுக்கு என்று கட்டாயம் வேண்டும். ஓப்பன்ஓசிடியில் அடாப்டரின் சீரியல் எண்ணைச் சொல்லிக் குறிப்பாக ஒன்றையே தேர்ந்தெடுக்க முடியும். நான் சொல்லாமல் விட்ட ஒரு நாள், பக்கத்தில் சும்மா கிடந்த இன்னொரு போர்டில் ஃபர்ம்வேர் ஏறியது. கருவி 'வெற்றி' என்றது, ஏஜென்ட்டும் வெற்றி என்றது, நான் பார்த்துக்கொண்டிருந்த எல்இடி மட்டும் மின்னவில்லை.

படி 2: ஒவ்வொரு கட்டளையும் எப்படி முடியும் என்று எழுதுங்கள்

கருவியின் மேனுவல் ஒரு கட்டளை என்ன செய்யும் என்று சொல்லும். எப்போது முடியும் என்று பெரும்பாலும் சொல்லாது. ஏஜென்ட்டுக்கு முதலில் வேண்டியது அதுதான். ஒவ்வொரு கட்டளைக்கும் மூன்று சேதி எழுதுங்கள்: தானாக முடியுமா, வழக்கமாக எத்தனை விநாடி, முடியும்போது என்ன எக்ஸிட் கோடு (எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்).

ஓப்பன்ஓசிடி ஒரு சர்வர். கிளப்பினால் 3333-இல் ஜிடிபிக்கும் 4444-இல் டெல்நெட்டுக்கும் 6666-இல் டிசிஎல்லுக்கும் போர்ட் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், தானாக எழாது. சின்ன வேலைக்கெல்லாம், செய்ய வேண்டிய கட்டளைகளை வரிசையாக ஒரே வரியில் கொடுத்துக் கடைசியில் 'ஷட்டவுன்' சேர்த்த வடிவத்தை எழுதிக் கொடுங்கள். ஜிடிபிக்காகப் பின்னணியில் ஓட்ட வேண்டியிருந்தால், கிளப்புவது ஒரு வரி, கொல்வது ஒரு வரி, இரண்டையும் ஜோடியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏஜென்ட் புதியதைக் கிளப்பி, முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற செய்தியைப் பார்த்து, போர்ட் எண்ணை மாற்றி, ஒரே எஸ்டி-லிங்க்குக்கு இரண்டு சர்வர் அடித்துக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுபோய் விடும்.

ஜிடிபியை பேட்ச் முறையில் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். பேஜினேஷனையும் (பக்கம் பக்கமாக நிறுத்துவது), உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்பதையும் அந்த முறையே அணைத்துவிடும். இல்லாவிட்டால் திரை நிறைந்ததும் ஜிடிபி என்டர் தட்டச் சொல்லி நிற்கும், தட்ட ஆளில்லை.

சிக்ராக்கில் எத்தனை மில்லிவிநாடி அல்லது எத்தனை சாம்பிள் என்பதைக் கட்டளையிலேயே கொடுங்கள். தொடர்ச்சியாகப் பிடிக்கும் விருப்பத்தை எழுதவே வேண்டாம்.

சீரியலுக்கு பிகோகாம், மினிகாம், ஸ்கிரீன் மூன்றையும் என் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டேன். வேகத்தை அமைத்துவிட்டு, லினக்ஸின் 'டைம்அவுட்' கட்டளையோடு 5 விநாடி மட்டும் படிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நேரம் தீர்ந்து நிறுத்தப்பட்டால் டைம்அவுட் தரும் எக்ஸிட் கோடு 124. பூஜ்யம் இல்லை என்றால் தோல்வி என்பது ஏஜென்ட்டின் பொதுவான நம்பிக்கை. இங்கே 124 என்றால் 5 விநாடியும் ஒழுங்காகப் படித்து முடித்தாயிற்று என்று பொருள். இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதால், வரிகள் எல்லாம் சரியாக வந்தபிறகும் அது பாட் ரேட்டை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

படி 3: கருவி சொல்வதை அப்படியே ஒட்டி வையுங்கள்

எனக்கு அதிகப் பலன் கொடுத்த பகுதி இதுதான், நேரத்தை இங்கே செலவழியுங்கள். எல்லாம் சரியாக இருக்கும்போது ஒரு முறை இணைத்து, வந்த வெளியீட்டை முழுவதும் ஒட்டுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒவ்வொன்றாகக் கெடுத்து, அப்போது வருவதையும் ஒட்டுங்கள். யூஎஸ்பியைப் பிடுங்குங்கள். போர்டின் பவரை அணையுங்கள். கிளாக் வயரைக் கழற்றுங்கள். அரைமணி நேர வேலை.

ஏன் இவ்வளவு என்றால், ஓப்பன்ஓசிடியின் பிழைச் செய்திகள் ஒன்றைப்போல இன்னொன்று தோன்றும், சொல்லும் சேதி வேறு. 'ஓப்பன் ஃபெயில்டு' என்றால் கம்ப்யூட்டருக்கே எஸ்டி-லிங்க் தெரியவில்லை, போர்டு வயரிங்கைப் பார்த்துப் பயனில்லை. 'லிப்யூஎஸ்பி எரர் ஆக்சஸ்' என்றால் கருவி தெரிகிறது, தொட அனுமதி இல்லை, யூடெவ் விதி (லினக்ஸில் கருவிக்கு அனுமதி கொடுக்கும் வரி) போட வேண்டும். இங்கே ஏஜென்ட் சூடோ (நிர்வாகி அதிகாரம்) போடப் பார்க்கும், வேண்டாம் என்று எழுதுங்கள். 'அன்ஏபிள் டு கனெக்ட் டு தி டார்கெட்' என்றால் எஸ்டி-லிங்க் வரை எல்லாம் சரி, அதற்கு அப்பால்தான் கோளாறு: பவர், கிரவுண்ட், பச்சை வயர், மஞ்சள் வயர், அல்லது பின்களைப் பிடுங்கிக்கொண்ட ஃபர்ம்வேர்.

ஒவ்வொரு செய்திக்கும் கீழே மூன்று வரி எழுதுகிறேன்: இதற்கு என்ன பொருள், நீ எதை முயலலாம், எத்தனை முறைக்குப் பிறகு நிறுத்த வேண்டும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இணைப்பு கிடைக்காதபோது வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்து ஒரே ஒரு முறை முயல், அதற்கும் வராவிட்டால் நிறுத்து, எந்த வயரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல். இப்படி எல்லை போடாவிட்டால், கழன்று கிடக்கும் வயருக்கு கான்ஃபிக் கோப்பில் மருந்து தேடிக்கொண்டே இருக்கும்.

இணைக்கும்போது ஓப்பன்ஓசிடி காட்டும் டார்கெட் வோல்டேஜ் வரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 3.2 வோல்ட் என்று காட்டினால் போர்டுக்குப் பவர் இருக்கிறது என்று ஏஜென்ட் முடிவு கட்டும். நியாயம்தான். ஆனால் பல மலிவு எஸ்டி-லிங்க் நகல்களில் அளக்கும் பின் வெளியே வருவதே இல்லை, அவை தம் சொந்த வோல்டேஜையே காட்டும். உங்களுடையது எப்படி என்று தெரிய, போர்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் 3.2 காட்டினால், 'இந்த அளவை நம்பாதே' என்று எழுதிவிடுங்கள்.

அப்புறம் சிப்பின் அடையாள எண். அசல் எஸ்டிஎம்32எஃப்103 எஸ்டபிள்யூடியில் 1பிஏ01477 என்று பதில் சொல்லும். புளூ பில் போர்டுகளில் பரவலாக வரும் நகல் சிப்புகள் சில 2பிஏ01477 என்று சொல்லும், ஓப்பன்ஓசிடி எதிர்பாராத எண் என்று முரண்டு பிடிக்கும். உங்கள் போர்டில் எது என்பதை எழுதி வைத்தால் ஏஜென்ட் அதை வயரிங் கோளாறு என்று நினைக்காது.

ஃபர்ம்வேர் ஏறியதா என்று பார்க்கவும் ஒரு வழி கொடுங்கள். ஃப்ளாஷின் தொடக்கமான 08000000 என்ற பதினாறடிமான முகவரியில் இரண்டு சொல் படிக்கச் சொல்லுங்கள். முதல் சொல் ஸ்டாக் தொடங்கும் இடம், அது ரேமைக் காட்டும் 2000-இல் ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவது ரீசெட் ஆனதும் ஓட வேண்டிய இடம், 0800-இல் ஆரம்பித்து ஒற்றைப்படையில் முடிய வேண்டும். இரண்டும் முழுக்க எஃப் எழுத்துகளாக வந்தால் ஃப்ளாஷ் காலி. கருவி சொன்ன 'வெற்றி'யைவிட இதை நான் அதிகம் நம்புவேன்.

அளவுகளை எண்ணாகவே எழுத வேண்டும் என்பதற்கும் ஓர் உதாரணம். சீரியலில் குப்பை எழுத்துகள் வருகின்றன. 115200-இல் ஒரு பிட்டின் அகலம் 8.7 மைக்ரோவிநாடி. லாஜிக் அனலைசரை 1 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒரு பிட்டுக்கு எட்டொன்பது சாம்பிள் கிடைக்கும், தாராளம். 200 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் இரண்டுகூடத் தேறாது, அனலைசரே குப்பையைக் காட்டும். ஆக, சாம்பிள் வேகம் குறிப்பில் இருக்க வேண்டும். இப்போது அளந்தால் பிட் அகலம் 78 மைக்ரோவிநாடி என்று வருகிறது என்று வையுங்கள். ஒன்பது மடங்கு. 72 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய சிப், கிறிஸ்டல் கிளம்பாமல் தன் உள் கடிகாரமான 8 மெகாஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பாட் ரேட்டில் தப்பே இல்லை, கடிகாரத்தில்தான். '8.7 சரி, 78 என்றால் கிறிஸ்டலைப் பார்' என்று ஒரு வரி எழுதினால் ஏஜென்ட் நேராக அங்கே போகும்.

படி 4: தொடக்கூடாதவை

சாஃப்ட்வேரில் தப்பு நடந்தால் கிட் சேமித்து வைத்த பழைய பதிப்புக்குப் பின்னால் போகலாம். சிப்பில் உருகிப்போன ஃபியூஸுக்குப் பின்னால் போக வழியில்லை. எஸ்டிஎம்32எஃப்4 போன்ற சிப்புகளில் ரீட்அவுட் பாதுகாப்பை (ஃப்ளாஷை வெளியிலிருந்து படிக்க விடாத பூட்டு) 2-ஆம் நிலைக்குக் கொண்டுபோனால் டீபக் வாசல் நிரந்தரமாக மூடிக்கொள்ளும். 1-ஆம் நிலையிலிருந்து 0-க்கு இறக்கினால் ஃப்ளாஷ் முழுவதும் அழிந்துபோகும். இஎஸ்பி32 சிப்பில் இ-ஃபியூஸை (ஒரே முறை எழுதும் பிட்) எரித்தால் எரித்ததுதான். ஏவிஆர் சிப்பில் ரீசெட் பின்னை அணைக்கும் ஃபியூஸை மாற்றினால், சாதாரண ப்ரோகிராமரால் மறுபடி உள்ளே போக முடியாது. உங்கள் சிப்பில் இப்படி எது இருக்கிறது என்று டேட்டாஷீட்டைப் பார்த்துப் பெயர் சொல்லி எழுதுங்கள். 'ஜாக்கிரதையாக இரு' என்பது குறிப்பு ஆகாது.

இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது, வெறுமனே பார்ப்பதில் ஆபத்தில்லை என்று நினைக்கும் இடத்தில்தான். மூன்று சொல்கிறேன்.

ரெஜிஸ்டரை (சிப்பின் உள் பகுதிகளைக் கட்டுப்படுத்தும் நினைவிடம்) படிப்பதே சில இடங்களில் அதை மாற்றிவிடும். இந்தச் சிப்பில் யூஏஆர்டியின் (சிப்பின் சீரியல் பகுதி) டேட்டா ரெஜிஸ்டரை டீபக்கர் வழியாகப் படித்தால், வந்திருந்த எழுத்து எடுத்துக்கொள்ளப்பட்டுவிடும், எழுத்து வந்திருக்கிறது என்ற கொடியும் இறங்கிவிடும். ஃபர்ம்வேருக்கு அந்த எழுத்து வரவே வராது. ஏஜென்ட் பாட்டுக்கு அந்தப் பகுதி முழுவதையும் படித்துக்காட்டி, புதிய ஒரு பிழையை உண்டாக்கிவிட்டு, அதையே தேடிக்கொண்டிருக்கும்.

சீரியல் போர்ட்டைத் திறப்பதே சில போர்டுகளை ரீசெட் செய்துவிடும். ஆர்டுயினோ ஊனோவில் டிடிஆர் என்ற சீரியல் கட்டுப்பாட்டுக் கம்பி ஒரு கப்பாசிட்டர் வழியாக ரீசெட்டுக்குப் போகிறது. இஎஸ்பி32 டெவ் போர்டுகளிலும் டிடிஆர், ஆர்டிஎஸ் இரண்டும் ரீசெட்டோடும் பூட் பின்னோடும் கட்டப்பட்டிருக்கும். மூன்று மணி நேரம் ஓடியபிறகு தொங்கிப்போன போர்டை என்னவென்று பார்க்கத் திறந்தால், பார்க்க வேண்டிய நிலையே அழிந்துபோகும்.

மூன்றாவதுதான் மோசமானது. சிப்பை ஹால்ட் செய்தால் நிற்பது ப்ராசசர் மட்டும். டைமர்கள், அவற்றை நிறுத்தச் சொல்லி டீபக் அமைப்பில் தனியாகச் சொல்லாதவரை ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டாரையோ ஹீட்டரையோ பிடபிள்யூஎம்மில் (வேகமாகப் போட்டு அணைத்து அளவைக் கட்டுப்படுத்தும் சிக்னல்) ஓட்டும் போர்டில், கட்டுப்படுத்தும் நிரல் நின்றுபோகும், வெளியீடு அப்போதிருந்த அளவிலேயே நிற்கும். வெப்பநிலையைக் கவனிக்க யாரும் இல்லை. அப்படிப்பட்ட போர்டாக இருந்தால் 'ஹால்ட் செய்யும் முன் என்னைக் கேள், ஹீட்டர் வயர் கழற்றியிருக்கிறதா என்று உறுதி செய்' என்ற வரி கோப்பின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இத்தனையும் எழுதிவிட்டு, எழுத்தைப் பூட்டு என்று நம்பிவிடாதீர்கள். நீண்ட வேலையின் நடுவில் ஏஜென்ட் குறிப்பின் ஒரு வரியைத் தவறவிடும், நாமும் தவறவிடுவோம். ஓப்பன்ஓசிடியை நேரடியாகத் தொடவிடாமல், அனுமதித்த ஐந்தாறு வேலைகளை மட்டும் செய்யும் ஸ்கிரிப்டுகளை முன்னால் வையுங்கள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி (ஏஜென்ட்டோடு கருவிகளை இணைக்கும் பொது வழி) முறையில் சின்ன சர்வராகவும் அதை எழுதலாம், ஆனால் தொடக்கத்தில் ஷெல் ஸ்கிரிப்டே போதும் என்பது என் எண்ணம். பெஞ்ச் சப்ளையின் கரன்ட் வரம்பு இந்த எல்லாவற்றையும்விட நல்ல காவலாளி.

படி 5: பதிப்பு எண்

சின்ன விஷயம், நேரம் தின்னும். ஓப்பன்ஓசிடியை 2005-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் டொமினிக் ராத் தன் பட்ட ஆய்வாகத் தொடங்கினார். இத்தனை வருடத்துப் பழைய கட்டளைகள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன, ஏஐ மாடல்கள் படித்து வளர்ந்தது அவற்றைத்தான். 'அடாப்டர்_கேஹெச்இசட்' என்று ஒரே சொல்லாக இருந்தது 0.11 பதிப்பிலிருந்து 'அடாப்டர் ஸ்பீடு' என்று இரண்டு சொல்லானது. எஸ்டி-லிங்க் வி2-க்குத் தனியாக இருந்த கான்ஃபிக் கோப்பு பொதுவான ஒன்றுக்குள் போய்விட்டது. இஎஸ்பி32-க்கு ஃபர்ம்வேர் ஏற்றும் இஎஸ்பிடூல் கருவியிலும் 5-ஆம் பதிப்பில், கட்டளைகளில் அண்டர்ஸ்கோர் போன இடத்தில் ஹைபன் வந்தது. உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் பதிப்பை எழுதி, அதில் ஓட்டிப் பார்த்த கட்டளையை மட்டும் கோப்பில் வையுங்கள். ஓட்டிப் பார்க்காததை 'இப்படி இருக்கலாம்' என்று எழுதி வைப்பதைவிட, இல்லாமல் இருப்பது நல்லது.

படி 6: வயரைப் பிடுங்கிச் சோதியுங்கள்

கோப்பு தயாரானதும், முன்பேச்சு எதுவும் இல்லாத புதிய அமர்வில் ஏஜென்ட்டைத் திறந்து, இந்தக் கோப்பை மட்டும் கொடுங்கள். முதலில் எளிய வேலை: சிப்பின் அடையாள எண்ணைப் படித்துச் சொல். அது வந்தால், அதற்குச் சொல்லாமல் ஒரு வயரைக் கழற்றிவிட்டு அதே வேலையைக் கொடுங்கள். எந்த இடத்தில் ஊகிக்க ஆரம்பிக்கிறதோ, அந்த இடத்தில் குறிப்பில் ஒரு வரி குறைகிறது. அந்த வரியை எழுதிவிட்டு, அந்த அமர்வை மூடி, இன்னொரு புதிய அமர்வில் மறுபடி. பழைய அமர்விலேயே தொடர்ந்தால், முந்தைய முயற்சியில் கற்றுக்கொண்டதை வைத்துத் தேறிவிடும், கோப்பு தேறியதா என்று தெரியாது.

கோப்பு நீளமாகிக்கொண்டே போனால் பிரித்துவிடுங்கள். மேசை, தொடக்கூடாதவை, நிறுத்த வேண்டிய எல்லை மூன்றும் முதல் கோப்பில். பிழைச் செய்திகளின் பட்டியல், ரெஜிஸ்டர் முகவரிகள் போன்றவை தனிக் கோப்புகளில், எது எதில் இருக்கிறது என்று முதல் கோப்பில் ஒரு வரி. மேசையில் ஒரு வயரை இடம் மாற்றினால் கோப்பையும் அப்போதே திருத்துங்கள். நாளைக்கு என்று விட்டால், பழைய மேசையைக் காட்டும் குறிப்பு குறிப்பே இல்லாததைவிட அதிகமாக வழி தப்ப வைக்கும்.

என் கோப்பு மூன்றாவது சுற்றில்தான் தேறியது. முதல் சுற்றில் கான்ஃபிக் கோப்பைத் திருத்தத் தொடங்கியது. இரண்டாவதில் ஓப்பன்ஓசிடியையே மறுபடி நிறுவலாமா என்று கேட்டது. மூன்றாவதில், 'முழு வேகத்தில் ஒரு முறை, 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு முறை முயன்றேன், எஸ்டி-லிங்க் தெரிகிறது, சிப் பதில் சொல்லவில்லை. பவரையும் பச்சை வயரையும் பாருங்கள்' என்று எழுதிவிட்டு நின்றது. பச்சை வயர் என் கையில் இருந்தது.